மூன்றாம் வகுப்புப் பெட்டியை அளந்த கதை



நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் ஏதேனும் ஒரு மூலையில் மரத்தாலான மீட்டர் கோல் ஒன்று சாய்ந்து கிடக்கும். அதனை எடுத்துச் சென்று இரயில் தண்டவாளத்தின் குறுக்கே வைத்தால் (யாரும் வைக்க வேண்டா, அது குற்றம், பேராபத்தும்கூட!) ஓர் இரும்பின் உள்விளிம்பிலிருந்து மற்றதன் உள்விளிம்புவரை அது அப்படியே பொருந்தும். 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்நாட்டின் முதல் இரயில் ஓடியபோது இருந்ததும் அந்த ஒரு மீட்டர்தான். 2025-ஆம் ஆண்டில் சிகாமட், குளுவாங் எனப் படிப்படியாகத் தெற்கே இறங்கி, அவ்வாண்டின் இறுதியில் ஜொகூர் பாருவை எட்டிய மின்தொடர்வண்டி ஓடுவதும் அதே ஒரு மீட்டர் அகலத்தில்தான். 140 ஆண்டுகளாகத் தடத்தின் அகலம் மாறவில்லை. அதன்மேல் சென்ற பெட்டிகளும், அவற்றுள் அமர்ந்திருந்த மனிதர்களின் நிலையுமே மாறின. அந்தப் பெட்டிகளைப் பற்றியும், சென்ற ஆண்டிறுதியில் எம் மாணவர்கள் அவற்றுள் ஒன்றை அட்டையில் செய்து பார்த்ததைப் பற்றியும் எழுத விழைகிறேன்.

இரயில் வரலாறு என்றதும் நாம் பெரும்பாலும் இயந்திரத்தைத்தான் எண்ணுகிறோம். புகைவண்டி என்று பெயரிட்டதே புகைவிடும் இயந்திரத்தைப் பார்த்துத்தானே! நான் சென்று கண்ட அருங்காட்சியகங்களிலும் நிலைய முற்றங்களிலும் வண்ணம் பூசி நிறுத்தப்பட்டிருந்தவை பெரும்பாலும் இயந்திரங்களே. ஆனால் இயந்திரத்தில் ஏறியவர்கள் ஓட்டுநரும் கரி அள்ளிப் போடுபவரும் மட்டுமே. நம் பாட்டன் பாட்டியர் ஏறியது பெட்டியில். அதிலும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில்.

ஜொகூரில் பிறந்தவள் என்ற முறையில் ஒரு சிறு பெருமையைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். தைப்பிங் இரயிலுக்கு முன்பே இரயில் கனவு கண்ட மாநிலம் எங்களுடையது. 1869-இல் அபு பாக்கார் ஆட்சிக் காலத்தில் ஜொகூர் பாருவிலிருந்து கூனோங் பூலாய் பக்கமாக ஒரு தடம் போடத் தொடங்கினார்கள். இரும்புக்கு மாறாக மரத்தையே தண்டவாளமாக இட்டார்கள். காட்டில் மரத்துக்கா பஞ்சம்? ஆனால் கறையானுக்கும் பஞ்சமில்லை. மரத்தடம் அரிபட்டுப்போக, முயற்சி கைவிடப்பட்டது. மாணவர்களுக்கு இதனைச் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. பிறகு ஒருபோதும் மறப்பதில்லை.

தைப்பிங் தடத்தை அமைக்க இலங்கையிலிருந்து ‘பயோனியர்’ படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கமாக இரண்டாவது தடம் திறக்கப்பட்டது. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே மூன்றாவது. இந்த முதல் தடங்களெல்லாம் ஈய வயல்களையும் கடற்கரையையும் இணைப்பதற்காக எழுந்தவை. தனித்தனியாகக் கிடந்த தடங்கள் 1901-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே என்ற ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தன.

இவ்விடத்தில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குச் சென்ற தடம் முதலில் அகலப் பாதையாக இருந்து, 1870-களில் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. ஆகவே தஞ்சை, திருச்சி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து புறப்பட்ட ஒருவர் மீட்டர் பாதையில் நாகப்பட்டினத்தை அடைந்து, கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, மீண்டும் மீட்டர் பாதையிலேயே மலாயாத் தோட்டத்துக்குச் சென்றார். கடல் மட்டும் நடுவில் நின்றது. கரை இரண்டிலும் தடம் ஒன்றே. 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி வழியாகக் கப்பற் செலவு பெற்று வந்தவர்கள் பல்லாயிரவர். 1930-களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது அதே வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் பல்லாயிரவர்.

ஜொகூருக்கு இரும்புத்தடம் வந்தது 1909-இல். கெமாசிலிருந்து சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் வழியாக ஜொகூர் பாரு வரை. இந்த ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே தோட்டப்புறத்துப் பெரியவர்களின் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். அப்போது நீரிணையின் குறுக்கே பாலமில்லை. சரக்குப் பெட்டிகளை மிதவைக் கலத்தில் ஏற்றிக் கடத்தினார்கள். பயணிகள் இறங்கிப் படகேறி அக்கரையில் மீண்டும் இரயிலேறினார்கள். கடற்பாலத்தின்மேல் 1923 செப்டம்பரில் சரக்கு இரயிலும், அக்டோபர் முதல் நாள் பயணிகள் இரயிலும் ஓடத் தொடங்கின. பாலத்தின் அதிகாரமுறைத் திறப்பு விழாவோ 1924 ஜூன் மாதத்தில்தான் நடந்தது. விழாவுக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது, நம் பள்ளிக் கட்டடங்களைப் போலவே!

மூன்று வகுப்புகள்

அக்காலத்து இரயிலில் மூன்று வகுப்புகள் இருந்தன. முதல் வகுப்பில் மெத்தை. தொலைதூர வண்டிகளில் படுக்கையும் உணவுப் பெட்டியும் உண்டு. இரண்டாம் வகுப்பு எழுத்தர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் உரியதாக இருந்தது. மூன்றாம் வகுப்பில் வெறும் பலகை. சட்டத்தில் இனம் எழுதப்படாவிடினும் கட்டணமே அதனை எழுதிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் வகுப்பிலும் சில இடங்களை ஐரோப்பியர்க்கென்றே ஒதுக்க முயன்றதும், காசு கொடுத்துப் பயணம் செய்த ஆசியர்கள் அதனை எதிர்த்ததும் வரலாற்றில் உள்ளன.

பெட்டிகளைக் கட்டியதும் பழுது பார்த்ததும் செந்தூல் பணிமனை. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த இடம். இரும்பு அடிச்சட்டத்தின்மேல் மரத்தால் உடல் எழுப்பப்படும். தச்சர், கொல்லர், வண்ணம் பூசுவோர் எனத் தமிழர் நிறைந்திருந்தனர். யாழ்ப்பாணத்துத் தமிழர் நிலையங்களில் எழுத்தராகவும் நிலையத் தலைவராகவும் இருந்தனர். ஒரே இரயிலில் பயணச்சீட்டைக் கொடுத்த தமிழரும், பலகையை இழைத்த தமிழரும், அப்பலகையில் அமர்ந்த தமிழரும் இருந்தார்கள். ஆனால் மூவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்க மாட்டார்கள். நம் சமூக வரலாற்றை எழுதுவோர் இதனை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

மரப்பெட்டிகள் மறைந்து இரும்புப் பெட்டிகள் வந்தன. 1957 முதல் டீசல் இயந்திரங்கள் வந்தன. மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் பின்னர் எடுக்கப்பட்டது. செந்தூல் பணிமனையின் வேலைகள் பேராக்கின் பத்து காஜாவுக்கு மாற்றப்பட்டன. 2010-இல் ஜொகூர் பாருவில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி இரயிலை ஜொகூர் சுல்தான் அவர்களே ஓட்டி வந்தார். 1932-இல் திறக்கப்பட்ட நிலையம் அது. இவையெல்லாம் செய்தித்தாள்களில் விரிவாக வந்தவை. ஆகவே நான் நீட்டவில்லை.

ஆடம்பரப் பெட்டிகளுக்கு வேறொரு விதி. ஈஸ்டர்ன் அண்டு ஓரியன்டல் எக்ஸ்பிரஸ் என்ற சொகுசு இரயில் 1993 முதல் சிங்கப்பூருக்கும் பேங்காக்கிற்கும் இடையே எங்கள் ஊர் வழியாகச் சென்றது. அதன் பெட்டிகள் ஜப்பானில் கட்டப்பட்டு, நியூசிலாந்தில் ‘சில்வர் ஸ்டார்’ என்ற பெயரில் 1971 முதல் 1979 வரை ஓடியவை. அந்நாட்டுத் தடம் 1067 மில்லிமீட்டர். நம் தடத்துக்காகச் சக்கரங்களை 67 மில்லிமீட்டர் நெருக்கி, உள்ளே மரவேலைப்பாடு செய்து புது வாழ்வு கொடுத்தார்கள். 2020-இல் நின்ற அந்த இரயில் 2024-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஒரு பெட்டிக்கு மதிப்பு உண்டு என்று யாரேனும் முடிவு செய்துவிட்டால் அது மூன்று நாடுகளையும் இரண்டு அகலங்களையும் தாண்டி வாழ்கிறது. மூன்றாம் வகுப்புப் பலகைக்கு அப்படி ஒருவரும் முடிவு செய்யவில்லை.

உருமாதிரி எதற்கு?

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆண்டிறுதியில் சில வாரங்கள் கிடைக்கின்றன. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின் அவ்வாரங்களைப் பயனுள்ளதாக்குவது ஆசிரியர் கையில் உள்ளது. வரலாறு, கணிதத்தில் விகிதம், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்ட ஒரு பொருள் வேண்டும் என்று தேடியபோது இரயில் பெட்டி அகப்பட்டது.

இரயில் உருமாதிரி செய்வது மேலை நாடுகளில் பெரியவர்களின் தீவிரமான பொழுதுபோக்கு. அதில் தடத்தின் அகலம்தான் முதல் சிக்கல். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தடம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் பொதுத் தடமாகிய 1435 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் அது வரும். அயர்லாந்தின் தடமோ 1600 மில்லிமீட்டர். அந்நாட்டார் 76-இல் ஒரு பங்காகப் பெட்டி செய்யும்போது தடம் 21 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் கடையில் கிடைக்கும் 16.5-இலேயே ஓட்டி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். ஒரு சிலர் மட்டும் பிடிவாதமாக 21-ஐத் தாமே செய்துகொள்கிறார்கள். அந்தப் பிடிவாதக்காரர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

அயர்லாந்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே கிரேவன்ஸ் என்ற பெட்டி வகை 1963 முதல் டப்ளின் நகரின் இஞ்சிகோர் பணிமனையில் பொருத்தப்பட்டு, 2006 வரை எளிய மக்களைச் சுமந்தது. ஆடம்பரம் ஏதுமில்லாத சாதாரணப் பெட்டி. அது ஓய்வு பெற்றபோது அயர்லாந்து இரயில் பாதுகாப்புச் சங்கத்தார் சில பெட்டிகளை வாங்கி இன்றும் உலாப் பயணங்களுக்கு ஓட்டுகிறார்கள். அதன் சிற்றுருவைக் கடையில் வாங்கவும் முடியும். பள்ளிக்கும் வேலைக்கும் சென்ற பெட்டி என்பதே அதனைக் காக்கப் போதுமான காரணமாக இருந்திருக்கிறது.

நம் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கடைச் சிற்றுரு இல்லை. எம் கையில் வரைபடமும் இல்லை. ஆகவே நாமே அளப்போம் என்று தொடங்கினோம். எப்படி அளப்பது? இங்கேதான் அந்த ஒரு மீட்டர் கைகொடுத்தது. பெட்டியின் பின்புறத்தை நேராகக் காட்டும் பழைய ஒளிப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். பெட்டியின் பின்விளிம்புக்கு நேர்கீழே தண்டவாளங்களுக்கு இடையிலான தொலைவை அளக்க வேண்டும். ஒளிப்படக்காரருக்கு அருகிலுள்ள பகுதியை அளந்தால் கணக்கு பிழைத்துவிடும். படத்தில் அது 1.6 சென்டிமீட்டர். பெட்டியின் அகலம் 4.4 சென்டிமீட்டர். 1.6 என்பது ஒரு மீட்டர் எனில் 4.4 என்பது 2.75 மீட்டர். தண்டவாளத்திலிருந்து கூரை உச்சி வரை 5.8, ஆகவே உயரம் ஏறத்தாழ 3.6 மீட்டர். பின்பு அதே வகைப் பெட்டியைப் பக்கவாட்டில் காட்டும் படத்தில் உயரத்தையும் நீளத்தையும் ஒப்பிட்டு, நீளம் 18 மீட்டருக்குச் சற்று மேல் என்று கண்டோம். விகிதக் கணக்கை வெறுக்கும் ஒரு மாணவன் அன்று நான்கு முறை தானாகவே சரிபார்த்தான். அவனுக்கு விடை தேவைப்பட்டது, மதிப்பெண் அன்று.

50-இல் ஒரு பங்கு என்று அளவை முடிவு செய்தோம். மீட்டர் தடம் 2 சென்டிமீட்டராகும். சிறுவர்களுக்குக் கணக்கு எளிது. மணிலா அட்டை, ஐஸ்கிரீம் குச்சி, ஒட்டுப்பசை, பான உறிஞ்சுகுழல் ஆகியவையே பொருள்கள். மொத்தச் செலவு ஒரு குழுவுக்கு இருபது வெள்ளியைத் தாண்டவில்லை.

வெளிப்புறம் விரைவில் முடிந்தது. உட்புறத்தில்தான் தடுமாறினோம். எம்மிடம் இருந்த படங்களெல்லாம் வெளியே நின்று எடுத்தவை. அப்போது ஒரு பெற்றோர் தம் உறவினரான பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். 1950-களின் நடுப்பகுதியில் இளைஞராகச் செந்தூல் பணிமனையில் தச்சு வேலைக்குச் சேர்ந்தவர். காது சற்று மந்தம். கை மட்டும் இன்னும் தெளிவு. அட்டைப் பெட்டியைக் கையில் வாங்கிச் சாளரத்தை ஒரு கண்ணால் பார்த்தார். பார்த்ததும், “டீச்சர், இந்தப் பலகையெல்லாம் தலைகீழா ஒட்டியிருக்கு. மழைத்தண்ணி உள்ளே வருமே!” என்றார். மாணவர்கள் சாளரக் கதவின் சாய்பலகைகளை உள்நோக்கிச் சரிய ஒட்டியிருந்தார்கள். வெளிநோக்கிச் சரிந்தால்தான் மழை வெளியே வடியும், காற்று மட்டும் உள்ளே வரும். குளிரூட்டி இல்லாத காலத்தில் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற எளிய நுட்பம்!

அவர் பழுதுபார்த்த பெட்டிகளில் இருக்கைப் பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்ததாம். ஏன் தாத்தா என்று ஒரு சிறுமி கேட்டாள். “கழுவித் தள்ளணும்ல, பாப்பா. வெத்தல எச்சில், வாழைப்பழத் தோல், கோழி எல்லாம் வரும். மூணு பேர் உட்கார்ற பலகையில அஞ்சு பேர் உட்காருவாங்க. அப்புறம் மடியில பிள்ளைங்க” என்றார். ஐஸ்கிரீம் குச்சிகளை மூன்றாகக் கிழித்து, இடைவெளி விட்டு, மாணவர்கள் மீண்டும் ஒட்டினார்கள். இருக்கையின் உயரத்தை அவர் தம் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். ஒருத்தி மீட்டர் கோலை வைத்து அளந்து 45 என்று குறித்துக்கொண்டாள். அட்டையில் 9 மில்லிமீட்டர். எந்த ஆவணக் காப்பகத்திலிருந்தும் எமக்குக் கிடைக்காத அளவு அது.

சாளரம் இல்லாத பெட்டி

பெரியவர் போகும் முன் ஒரு மாணவன் கேட்டான்: “சயாம் இரயிலுக்கு ஆளுங்களைக் கொண்டு போனதும் இந்தப் பெட்டியிலா, தாத்தா?” அவன் பாட்டி வீட்டில் கேட்டிருக்கிறான். பெரியவர் இல்லை என்று தலையசைத்தார். “அது சாமான் பெட்டி” என்று மட்டும் சொன்னார்.

ஜப்பானியர் 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் தடம் அமைத்தனர். சயாம், பர்மா, மலாயா மூன்றிலும் மீட்டர் தடம் என்பதால் மலாயாவின் தண்டவாளங்களையும் இயந்திரங்களையும் பெட்டிகளையும் அப்படியே கொண்டுசெல்ல முடிந்தது. கிழக்குக் கரைத் தடம் நெடுந்தொலைவுக்குப் பெயர்க்கப்பட்டு அங்கே இடப்பட்டது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் ஏற்றிச் செல்லப்பட்டனர். திரும்பாதவர்கள் மிகப் பலர். ஒரே அகலத் தடம் ஊரையும் ஊரையும் இணைக்கும் என்று பாடத்தில் சொல்கிறோம். அது இதற்கும் வழி திறந்தது என்பதையும் சொல்ல வேண்டியுள்ளது. செந்தூல் பணிமனையும் தப்பவில்லை. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேசநாட்டு விமானங்கள் அதன்மேல் குண்டு வீசின.

ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இதை எவ்வளவு சொல்வது? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு இதற்கு விடை கற்பிக்கப்படவில்லை. மாணவர்களே அந்தப் பெட்டியையும் செய்யலாமா என்று கேட்டார்கள். பெற்றோர் சிலரிடம் பேசிவிட்டு ஒப்புக்கொண்டேன்.

நம் தொழிலாளர்கள் எழுதிவைத்த குறிப்புகள் அரிது. அதே தடத்தில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட போர்க்கைதிகள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மூடிய இரும்புச் சரக்குப் பெட்டி, ஏறத்தாழ 18 அடி நீளம், 8 அடி அகலம், ஒன்றில் 30 பேர் வரை, சயாமின் பான் போங் சேர ஏறத்தாழ ஐந்து நாள் என்பது அவற்றின் சாரம். 50-இல் ஒரு பங்காக அது 11 சென்டிமீட்டர் நீளமும் 4.9 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சிறு பெட்டி. செய்ய அரை மணிநேரம் போதும். சாளரம் இல்லை, இருக்கை இல்லை, ஒரு கதவு.

பிறகு அட்டையில் 30 மனிதர்களை வெட்டினார்கள். உயரம் 3.4 சென்டிமீட்டர், படுத்தால் அகலம் 9 மில்லிமீட்டர். ஒரு மனிதர் படுக்க அவ்வளவுதான் இடம் கொடுத்தோம். கூரையை எடுத்துவிட்டு ஒவ்வொருவராகப் படுக்க வைத்தார்கள். அகலத்தில் ஐவர், நீளத்தில் மூன்று வரிசை. 15 பேருடன் தரை நிறைந்துவிட்டது. மீதிப் பதினைந்து பேர் மேசைமேல் கிடந்தார்கள். வகுப்பில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி, “அப்போ பாதிப் பேர் நின்னுக்கிட்டே போயிருப்பாங்களா, டீச்சர்?” என்று கேட்டாள். மாறி மாறிப் படுத்திருப்பார்கள் என்று இன்னொருவன் சொன்னான். ஐந்து நாளை எப்படிப் பங்கிடுவது என்று தாமாகவே கணக்குப் போடத் தொடங்கினார்கள். நான் தடுக்கவில்லை.

வகுப்பறை அலமாரியில் இப்போது 2 சென்டிமீட்டர் அகலத் தடம் ஒன்றின்மேல் அவ்விரு பெட்டிகளும் நிற்கின்றன. சரக்குப் பெட்டியை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று மாணவர்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது. கடைசியில் தனியாகக் கழற்றிச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டார்கள். மெத்தை போட்ட முதல் வகுப்புப் பெட்டியையும் செய்திருந்தால் பள்ளி விழாவில் அழகாக இருந்திருக்கும் என்று ஒரு பெற்றோர் சொன்னார். உண்மைதான். அடுத்த ஆண்டு மாணவர்கள் விரும்பினால் செய்யட்டும். எமக்கு அதன் படங்கள் கிடைப்பதில் தடையிருக்காது.

இவ்வாண்டு எமக்குத் தேவைப்படுவது வேறு. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் படிக்கட்டு எத்தனை படி, கழிவறை எந்த முனையில், சாமான் தட்டு மரமா இரும்பா என்பவற்றில் பெரியவரின் நினைவும் எம் படங்களும் ஒத்துப்போகவில்லை. உங்கள் வீட்டு ஒளிப்படத் தொகுப்பில் இரயில் பெட்டிக்கு அருகில் நின்றோ, அதனுள் அமர்ந்தோ எடுத்த படம் ஏதேனும் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மங்கலாக இருந்தாலும் பாதகமில்லை. பின்புறத்தில் ஊர், ஆண்டு, நிற்பவர் யார் என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதினால் முன்பக்கம் ஊறும். நிற்பவரின் உயரம் வீட்டில் யாருக்காவது தெரிந்தால் அதையும் குறித்து வையுங்கள். தண்டவாளம் படத்தில் விழாவிட்டால் அந்த உயரத்தைக் கொண்டே பெட்டியை அளந்துவிடலாம்.